போம்போம் அக்கா மலையேறிய நாள்

மறிச்சுக்கட்டிக் காட்டோரத்திலிருந்து கட்டுக்கரைக் குளத்து அணைக்கட்டு வரைக்கும், போம்போம் அக்காவால் திடுக்கிட்டு எழும்பாத உயிர் ஒன்றுகூடக் கிடையாது. மனிதர், மாடு, கோழி, காவலரணில் நின்றபடியே தூங்கும் ஆமிக்காரர் எல்லோரும் இதில் அடக்கம். எங்கள் பக்கத்து வளவில் இரண்டு காதும் கேட்காத பெரியவர் ஒருவர் இருந்தார். அவர்கூட அக்காவின் ஹோர்ன் அடித்தால் மட்டும் "ஆரது?" என்று எழும்பி உட்காருவார்.

அந்த ஹோர்ன் ஒரு பழைய லொறியிலிருந்து கழற்றியது. அதன் ரப்பர் குமிழ் ஒரு தேங்காய் அளவு இருக்கும். அதை அக்கா தன் சைக்கிள் ஹான்டிலில் கட்டியிருந்தார். சைக்கிளுக்குத் தாங்க முடியாத ஹோர்ன் அது. விடியற்காலையில் சிலாபத்துறைக் கரையில் மீன் எடுத்து, பின்னால் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டி, முருங்கன் தாண்டி, கட்டுக்கரைக்குக் கீழே இருக்கும் எங்கள் வயல் ஊர்கள் வரைக்கும் வருவார். ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை நான் கேள்விப்பட்டதில்லை. அவரும் கேள்விப்பட்டதில்லை என்றே நினைக்கிறேன்.

அவருடைய சைக்கிளுக்குப் பிறேக் இல்லை. நிற்க வேண்டுமென்றால் இடது காலைப் பின்னால் கொண்டுபோய்ச் செருப்பை ரயரில் வைத்து அழுத்துவார். புகை வரும். சில நாட்களில் மீனின் மணத்துக்கு முதல் ரப்பர் கருகும் மணம்தான் எங்கள் ஒழுங்கைக்குள் வரும். இதனால் இடது செருப்பு மாதத்துக்கு ஒன்று தேயும். வலது செருப்பு அப்படியே புதிதாக இருக்கும். எறிய மனமில்லாமல் வலது செருப்புகளை எல்லாம் தன் வீட்டு வேலியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். முதன்முதலாக அந்தப் பக்கம் போகிறவர்கள், ஏதோ ஒற்றைக்கால் குடும்பம் இங்கே குடியிருக்கிறது என்று பரிதாபப்படுவார்கள்.

மீனை நாங்கள் தெரிவு செய்ய முடியாது. அவர்தான் முகத்தைப் பார்த்துக் கொடுப்பார்.

"பாரை தா பிள்ளை" என்று அம்மா கேட்பார்.

"மனிசனோட சண்டை பிடிச்சிட்டு வந்து பாரை கேக்கிறியளோ? ரெண்டு நாளைக்குத் திரளி சாப்பிடுங்கோ. கோபம் இறங்கும்."

"நான் எங்க சண்டை பிடிச்சனான்?"

"அண்ணை வேலிக்கரையில தனிய நிண்டு தேத்தண்ணி குடிக்கிறார். எனக்கென்ன கண் இல்லையோ?"

அம்மா திரளியை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். என்னைக் கண்டால் அக்காவுக்கு ஒரே மருந்துதான்: "உனக்குச் சூடை. படிக்கிற பிள்ளைக்கு முள் எடுத்துப் பழக வேணும்."

ஆம், நான் படிக்கிற பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கையெழுத்து வைக்கும் இடத்தில் பெருவிரலை வைப்பார். இடம்பெயர்ந்த காலத்தில் முகாம் கூடாரத்துக்குள் பாதியும், ஊருக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டிலுக்குள் மீதியுமாகப் படித்து, ஓ.எல். என்னும் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடமும் சித்தியடைந்தேன். பெறுபேற்றுக் கடதாசியை அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். பத்திரமான இடம் என்று அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். விருந்தாளிகள் வந்தால் பானைக்குள் கையை விட்டு எடுத்து, தவிட்டைத் தட்டிக் காட்டுவார். நானும் அந்த நேரம் பார்த்துத் தற்செயலாக அந்தப் பக்கம் போவேன்.

ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரைக்கும்தான். அதற்கு மேல் ஏ.எல். என்னும் உயர்தரம் படிக்க முருங்கனுக்குப் போக வேண்டும். ஆறு மைல். பஸ் ஒன்று இருந்தது. அது எந்தெந்த நாட்களில் வரும் என்பது சாரதிக்கே தெரியாது. வீட்டில் இருந்த ஒரே சைக்கிள் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும்.

"சைக்கிள் ஒண்டு இருந்தால் போய்ப் படி பிள்ளை. நான் மறிக்கேல்லை" என்றார் அப்பா. "இல்லாட்டி நான் என்ன செய்யிறது?"

வகுப்புத் தொடங்க ஒரு மாதம் இருந்தது. அப்போதுதான் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் அந்த அறிவித்தலை ஒட்டினார்கள். ஊருக்கு அறிவித்தல் வாசித்துக் காட்டும் பதவி அந்தக் காலத்தில் என்னுடையது. பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்து நிற்க, குரலைச் சரிசெய்துகொண்டு வாசித்தேன்: "மலைச் சைக்கிள் நெடுந்தூர ஓட்டப் போட்டி. பெண்களுக்கான முதற் பரிசு, ஒரு புத்தம் புதிய மலைச் சைக்கிள்."

அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டாம் தரமும் வாசித்தேன்.

"மலை எங்கயிருக்கு பிள்ளை?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. எங்கள் மாவட்டத்தில் தரையை விட்டு மேலே எழும்பி நிற்பவை மூன்றுதான்: கோயில் கோபுரம், பனை, தொலைபேசிக் கம்பம். மூன்றிலும் சைக்கிள் ஓட முடியாது.

இதற்கு விடை தொப்பி ஐயாவிடம் இருந்தது. வீடு கட்டித் தரும் நிறுவனம் ஒன்றின் உத்தியோகத்தர் அவர். அகலமான துணித்தொப்பி ஒன்றைச் சோறு சாப்பிடும்போதும் கழற்றமாட்டார். அவருடைய நிறுவனத்துக்கு எங்கிருந்தோ இரண்டு மலைச் சைக்கிள்கள் அன்பளிப்பாக வந்து சேர்ந்துவிட்டன. சைக்கிள் வந்துவிட்டது, மலையைத்தான் காணவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் கட்டுக்கரைக் குளத்து அணைக்கட்டைப் பிடித்தார்.

"மறிச்சுக்கட்டியில துவங்கி, சிலாபத்துறை, முருங்கன், பிறகு கட்டுக்கரை. அங்க அணைக்கட்டில ஒன்பது தரம் ஏறி ஒன்பது தரம் இறங்க வேணும். ஒன்பது தரம் ஏறினால் ஒரு சின்ன மலைக்குக் காணும்" என்று விளக்கினார்.

பெயர் பதியும் நாளில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றது போம்போம் அக்கா.

"பேர்?" என்றார் தொப்பி ஐயா.

"போம்போம்."

"முழுப் பேர்?"

"போம்போம் போம்போம்."

ஐயா எழுதிக்கொண்டார். நான் அக்காவை ஒரு பக்கமாக இழுத்தேன்.

"உங்களுக்கு ஏனக்கா இந்தச் சைக்கிள்?"

"என்ர சைக்கிளின்ர நடுச்சட்டம் போன கிழமை ரெண்டாப் போச்சு. ஒட்டு வச்சு ஓடுறன். அதுவும் விட்டால் யாவாரம் இல்லை. உனக்கு ஏன்?"

"ஏ.எல். படிக்க."

அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். இன்றைக்கு எந்த மீன் என்று தீர்மானிக்கும் பார்வை அது.

"சரி, ஓடிப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு, ஹோர்னை ஒரு அடி அடித்துவிட்டுப் போனார். தொப்பி ஐயாவின் பேனை கீழே விழுந்தது.

அன்றே ஒரு கொப்பி எடுத்து, சிவப்புக் கோடு போட்டு, "நெடுந்தூர ஓட்டத்தில் வெல்லும் வழிகள்" என்று தலைப்பு எழுதினேன். நூல்நிலையத்தில் ஒரு பழைய சஞ்சிகையில் இருந்த எல்லா அறிவுரைகளையும் இறக்கினேன். மூக்கால் மட்டும் மூச்சு விடுக. குளுக்கோஸ் அருந்துக. தேவையற்ற பாரத்தைக் குறைத்திடுக. இந்தக் கடைசி விதிக்காக அப்பாவின் சைக்கிளிலிருந்து காரியர், மட்காட், ஸ்டான்ட் எல்லாவற்றையும் கழற்றினேன். அப்பா பார்த்துவிட்டு, "சில்லையும் கழட்டிவிடன், இன்னும் பாரம் குறையும்" என்றார்.

போட்டி நாள் விடிய எங்களை மறிச்சுக்கட்டிக்கு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் போனார்கள். ஆண்களின் ஓட்டம் முதல் நாளே முடிந்துவிட்டது; பெண்கள் நாங்கள் ஏழு பேர். அதில் ஒருத்தி மன்னார் நகரத்திலிருந்து வந்தவள். ஓடுவதற்கென்றே செய்த வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தாள். மற்ற எல்லோரும் செருப்பு. எனவே அவளுக்குச் சப்பாத்துப் பிள்ளை என்று அந்த இடத்திலேயே பெயர் விழுந்தது. காட்டுக்கரை என்பதால், "யானை வாறதுக்கு முதல் வெளிக்கிடுங்கோ, வெளிக்கிடுங்கோ" என்று தொப்பி ஐயா அவசரப்படுத்தினார்.

அப்போது அவர் கண் அக்காவின் சைக்கிளில் விழுந்தது. பின்னால் மீன்பெட்டி. பெட்டிக்குள் ஐஸ். ஐஸுக்குள் மீன்.

"அக்கா, இது ஓட்டப் போட்டி."

"தெரியும் ஐயா."

"மீன் ஏன்?"

"பாரம் இல்லாட்டி என்ர சைக்கிள் நேர போகாது. பதினைஞ்சு வருசமாப் பாரத்தோட ஓடின சைக்கிள். இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்திலயும் பின்னால ஏதோ ஒரு மூட்டை இருந்ததுதான். வெறுமையா ஓடச் சொன்னால் அது வெக்கப்பட்டு அங்கயும் இங்கயும் பாக்கும்."

"அப்ப ஒரு கல்லை வச்சுக் கட்டலாமே?"

"கல்லை ஆர் வாங்குவினம்?"

ஐயா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சப்பாத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தினாள். நான் என் கொப்பியின் மூன்றாவது விதியை நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன். ஒரு போட்டியாளர் குறைந்தார் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் எனக்கு ஏ சித்தி.

முதல் ஐந்து மைல் கடற்கரை மணல். புறப்பட்ட உடனேயே அக்கா இறங்கி இரண்டு ரயரிலும் பாதிக் காற்றைத் திறந்து விட்டார். பாவம், பைத்தியம் என்று நினைத்தபடி தாண்டிப் போனேன். நூறு யார் தூரம் போயிருக்க மாட்டேன். முன்சில்லு மணலில் இறங்கி நின்றது. சில்லு நின்றதே தவிர நான் நிற்கவில்லை. எழும்பி வாயிலிருந்த மணலைத் துப்பும்போது, சப்பிய ரயரோடு அக்கா மணலின் மேல் வள்ளம் போல மிதந்து போனார். போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. "போம்" என்று ஒரே ஒரு தரம் அடித்தார். அது சொன்னதுபோல்தான் இருந்தது.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நானும் காற்றைத் திறந்தேன். முதற் பாடம்: மணலில் சஞ்சிகை உதவாது.

மணல் முடிந்து கிறவல் றோட்டு வந்ததும் அடுத்த சிக்கல். திறந்த காற்றைத் திரும்ப அடிக்கப் பம்பு வேண்டும். பாரம் குறைக்கும் விதிப்படி பம்பை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அக்கா றோட்டோரம் குந்தியிருந்து தன் ரயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நான் சற்றுத் தள்ளி நின்று கடலைப் பார்த்தேன். அலை எண்ணினேன்.

"கேக்க மாட்டாய், என்ன?" என்றார் அக்கா.

"எதை?"

"ஒன்பது பாடம் பாஸ் பண்ணின பிள்ளை பம்பு கேக்க மாட்டாள். இந்தா."

வாங்கி அடித்தேன். வெட்கத்திலும் வேகத்திலும், இரண்டு அடி கூட இருந்தால் இன்னும் வேகமாகப் போகலாம் என்று இருபது அடி கூடவே அடித்தேன். ரயர் கல்லுப் போல ஆனது. அந்த இருபது அடி பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சிலாபத்துறையில் றோட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பும். முதுகுப் பக்கமாகச் சோளகக் காற்று பிடித்தது. நான் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ படபடவென்று அடிக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தால், அக்கா மீன்பெட்டிக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டு, நடுவில் கூடாரத் துணித் துண்டு ஒன்றைப் பாயாகக் கட்டி வருகிறார்! மிதிக்கவே இல்லை. ஒரு கையால் ஹான்டில், மறுகையால் வெற்றிலை மடிக்கிறார். எங்கள் ஐந்து பேரையும் தாண்டினார். சப்பாத்துப் பிள்ளையையும் தாண்டினார். மோட்டார் சைக்கிளில் வந்த தொப்பி ஐயாவையும் தாண்டினார்.

"ஐயா, இது சரியோ?" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்தது.

ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து விதிமுறைக் கடதாசியை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்தார். "பாய் கட்டக்கூடாதெண்டு ஒரு இடமும் எழுதேல்லையே பிள்ளை" என்றார் கவலையோடு.

அன்றைக்கு அக்கா அப்படியே போயிருந்தால் மத்தியானத்துக்கு முதல் குளத்தடியில் நின்றிருப்பார். ஆனால் அது அவருடைய மீன் றோட்டு. முதல் நாளே ஊர் ஊராக, "நாளைக்கு மீன் இல்லை, ஓட்டம்" என்று சொல்லித்தான் வைத்திருந்தார். சொன்னால் சனம் கேட்குமா? தூரத்தில் ஊர் தெரிந்ததும் பழக்கதோஷத்தில் அக்காவின் கை தானாக ஹோர்னுக்குப் போனது. போம்! அவ்வளவுதான். முதல் ஊரில் சட்டியோடு எட்டுப் பெண்கள் றோட்டில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பூனைகள்.

"இண்டைக்கு இல்லையெண்டு சொன்னனான்!"

"பெட்டிக்குள்ள என்ன, பூவோ?"

"அது பாரத்துக்கு வச்சது!"

"அப்ப பாரத்தைக் குறைச்சுத் தாறம், இறக்கு."

அக்காவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த நாளில் முதன்முதலாகச் சட்டி நீட்டுகிறவருக்கு இல்லையென்று சொல்லக்கூடாது. சொன்னால் அந்தப் பெட்டி ஒரு வருடத்துக்கு விளங்காது. முதல் ஆளுக்குக் கொடுத்தால் இரண்டாம் ஆள் விடுவாரா? ஊருக்கு ஊர் இதே கதை. ஒரு பக்கம் போட்டி நடக்கிறது, மறுபக்கம் அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "உங்களுக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ? அப்ப விளைமீன்" என்று நிதானமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் வந்த எங்களுக்குச் சனத்துக்குள்ளால் புகுந்து வருவதே பெரும்பாடு. ஒரு அம்மா என் ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு, "உன்னட்டக் கணவாய் இருக்கோ?" என்று கேட்டார்.

மற்றவர்கள் வெயிலுக்கு ஒவ்வொருவராக மரநிழலில் படுத்துவிட்டார்கள். சப்பாத்துப் பிள்ளை மட்டும் விடாமல் எனக்கு முன்னால் போனாள். ஆனால் மணல் அவளுடைய சப்பாத்துக்குள் புகுந்து இருபது மைல் அரைத்திருந்தது. முருங்கன் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, கொப்புளத்துக்கு மருந்து கட்ட உள்ளே நொண்டிப் போனாள். நான் செருப்பில் தாண்டினேன்.

அக்கா இன்னும் பின்னால் ஏதோ ஒரு ஊரில் மீன் கொடுத்துக்கொண்டிருந்தார்; எனக்கு முன்னால் இப்போது ஒருவரும் இல்லை. நான் படிக்கப்போகும் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டும்போது, மலைச் சைக்கிளில் வந்து இறங்குவது போல ஒரு தரம் காலை வீசிப் பார்த்தேன். முருங்கனிலிருந்து குளத்தடி வரைக்கும் வகுப்புக்கு எந்த நிறக் கொப்பி வாங்குவது என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன்.

அணைக்கட்டு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், இன்னும் ஒரு மைல் இருக்க, வெடிச் சத்தம் கேட்டது. வயலில் நின்ற ஒருவர் பழைய ஞாபகத்தில் வரம்புக்குப் பின்னால் படுத்துவிட்டார். வெடித்தது என் ரியூப். நான் கூட அடித்த அந்த இருபது அடி, மத்தியான வெயிலில் தன் வேலையைக் காட்டிவிட்டது.

ரயரும் கிழிந்திருந்தது. ஒட்ட வழியில்லை. உருட்டிக்கொண்டு நடந்தேன். அழுதுகொண்டே நடந்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. பதினேழு வயது, அரிசிப் பானைக்குள் ஒரு கடதாசி, அதற்குமேல் போக வேறு வழியில்லை.

பின்னால் ஹோர்ன் கேட்டது. அக்கா வந்தார். ஆனால் அந்த வருகை ஒரு மாதிரியாக இருந்தது. பெட்டியில் ஒரு மீன்கூட இல்லை. பாரம் இல்லாத சைக்கிள், றோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும், அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கும் கள்ளுக் குடித்த ஆள் போல வந்தது. எனக்குக் கிட்டே வந்து, எருக்கலம் பற்றைக்குள் விழுந்தது.

"இது நாலாம் தரம் விழுறன்" என்றார் அக்கா, பற்றைக்குள் இருந்தபடியே. "எத்தினை கிலோ நீ?"

"முப்பத்தெட்டு."

"காணும். ஏறு பெட்டிக்குள்ள."

"ஏறினால் எனக்குப் போட்டி இல்லாமல் போயிடும் அக்கா."

"நடந்து போனால் மட்டும் வெல்லுவியோ? அங்க பார்."

தூரத்தில், காலில் வெள்ளைத் துணிக் கட்டோடு, சப்பாத்துப் பிள்ளை வந்துகொண்டிருந்தாள்.

ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. பரிசு நகரத்துப் பிள்ளைக்குப் போவதைவிட மீன்பெட்டிக்குப் போகட்டும் என்று நினைத்திருப்பேன். அப்பாவின் சைக்கிளை ஒரு பனையில் சாத்திவிட்டு, ஐஸ் தண்ணீருக்குள் குந்தினேன். சைக்கிள் கம்பு போல நேராகப் போனது.

குளத்தடியில் ஊரே நின்றது. நான் மீன்பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதைக் கண்டதும் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். முதலில் வாய் திறந்தவர் அப்பா.

"என்ர சைக்கிள் எங்க?"

"பனையடியில!" என்று கத்திக்கொண்டே அணைக்கட்டில் ஏறினோம். ஏறும்போது இருவரும் இறங்கித் தள்ளுவோம். உச்சியில் நான் பெட்டிக்குள் பாய்வேன். இறங்கும்போது அக்கா இடது செருப்பைச் சில்லில் வைப்பார்; புகை பறக்கும். நாங்கள் மூன்றாம் தரம் ஏறும்போது சப்பாத்துப் பிள்ளை வந்து சேர்ந்தாள். கியர் சைக்கிள். நாங்கள் ஆறு, அவள் ஐந்து. நாங்கள் எட்டு, அவளும் எட்டு.

"அந்தோனியாரே, என்னைப் பிடி! நீ பெட்டியைப் பிடி!" என்றார் அக்கா. முதலாவது புனிதருக்கு, இரண்டாவது எனக்கு.

ஒன்பதாம் இறக்கம் குளத்துப் பக்கம். பாதி வழியில் செருப்பின் அடி பிய்ந்து பறந்தது. அதற்குப் பிறகு எங்களை நிறுத்த இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை. வெற்றிக் கொடியைத் தாண்டினோம். தொப்பி ஐயாவின் மேசையைத் தாண்டினோம். கரையில் குளித்துக்கொண்டிருந்த எருமையைத் தாண்டினோம். குளத்துக்குள் போனோம். சைக்கிள் தாழ்ந்தது, பெட்டி கழன்று, என்னோடு மிதந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்று அக்கா ஹான்டிலோடு ஹோர்னை உயர்த்தி அடித்தார். அது "போம்" என்பதற்குப் பதிலாகத் தண்ணீரைப் பீச்சியடித்தது.

தீர்ப்பு தெளிவாக இருந்தது. முதற் பரிசு அக்காவுக்கு. இரண்டாம் பரிசு, ஒரு தண்ணீர்ப் போத்தல், சப்பாத்துப் பிள்ளைக்கு. "நீ ஆளாப் பதிஞ்சு பாரமா வந்திருக்கிறாய்" என்று தொப்பி ஐயா வருத்தத்தோடு என் பெயரில் கோடு போட்டார்.

மலைச் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நீல நிறம். அக்கா அதைச் சுற்றி மூன்று தரம் நடந்தார்.

"காரியர் எங்க?"

"மலைச் சைக்கிளுக்குக் காரியர் இல்லை அக்கா."

"மட்காட்?"

"அதுவும் இல்லை."

"ஸ்டான்ட்? மணி? ஒண்டும் இல்லையோ? என்ன ஐயா, உடுப்பில்லாமல் கொண்டுவந்து நிப்பாட்டி வச்சிருக்கிறியள்!"

ஏறி ஒரு சுற்று ஓடிக் காட்டச் சொன்னார்கள். ஓடினார். பிறேக் என்ற ஒன்று கையில் இருப்பதை வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டு இரண்டையும் ஒன்றாகப் பிடித்தார். சைக்கிள் நின்றது; அக்கா நிற்கவில்லை. புல்லிலிருந்து எழும்பி, சேலையைத் தட்டிக்கொண்டு, நேராக என்னிடம் வந்தார்.

"இந்தா. கொண்டு போ."

எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கும் விளங்கவில்லை. "சும்மா எப்பிடித் தங்கச்சி வாங்கிறது?" என்றார் அப்பா.

"ஆர் சும்மா தந்தது அண்ணை? கரைவலை இழுக்கேக்க கயித்தில கை வச்ச எல்லாருக்கும் பங்கு இருக்கு. இவள் எனக்குப் பாரமா வந்தவள். பங்கு குடுக்காட்டிக் கடல் கோவிக்கும். காரியர் இல்லாத சைக்கிளை வச்சு நான் என்ன, மீனைத் தலையிலயோ கொண்டு போறது?"

"அப்ப உங்கட பங்கு அக்கா?" என்று தொப்பி ஐயா கேட்டார்.

அக்கா அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு முகத்துக்கு மேலே பார்த்தார். "அதைத் தாங்கோ" என்றார். அன்றைக்குத்தான் தொப்பி ஐயாவுக்குத் தலைமயிர் இல்லை என்பது மாவட்டத்துக்குத் தெரியவந்தது.

அடுத்த கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு முருங்கனில் இரும்பு ஒட்டும் கடைக்குப் போனார். பொம்பிளைப் பிள்ளை புத்தகம் கொண்டுபோகும் சைக்கிளுக்குக் காரியர் வேண்டும் என்பது அவருடைய கட்டளை. கடைக்காரர் சைக்கிளைப் பார்த்ததும் உள்ளே போய், நல்ல இரும்பில் ஒட்டிய காரியர் ஒன்றைக் கொண்டுவந்தார். பூட்டினார். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

"அளவெடுத்துத்தான் செய்தது" என்றார். "ஓட்டத்துக்குப் பத்து நாளைக்கு முதலே போம்போம் அக்கா, அந்த நிறுவனத்துக் கொட்டிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டுபோய், இந்தச் சைக்கிளைக் காட்டி அளவு எடுப்பிச்சவ. பெட்டி வைக்கிற மாதிரிப் பலமாச் செய்யச் சொன்னவ. முந்தநாள் வந்து, 'ஒரு பொடிச்சி வருவாள், அவளுக்குப் பூட்டு' எண்டிட்டுப் போறா."

அடுத்த நாள் காலை ஒழுங்கையில் அக்காவை மறித்தேன். தலையில் தொப்பி. சைக்கிளின் நடுச்சட்டத்தில் பழைய ஒட்டுக்கு மேல் ஒரு புதிய ஒட்டு.

"அக்கா, அந்தக் காரியர்..."

"எந்தக் காரியர்? தள்ளி நில். உனக்கு இண்டைக்குச் சூடை."

ஏ.எல். படித்த இரண்டு வருடமும், முதலாம் பாடம் தொடங்கிச் சரியாகப் பத்து நிமிடத்தில் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே "போம் போம்" என்று இரண்டு தரம் அடிக்கும். கணித ஆசிரியரின் கையில் வெண்கட்டி முறியும். "பள்ளிக்கூட வாசலில ஆர் மீன் வாங்கினம்?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். ஒருவரும் வாங்குவதில்லை. சைக்கிள் கொட்டிலில் நீலச் சைக்கிள் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, நிற்பதைக் கண்ட சந்தோஷத்தில் அடிக்கும் அடி அது. எனக்குத் தெரியும். நான் சொன்னதில்லை.

பரீட்சை வந்தது. முதல் நாள், கேள்வித்தாளைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்காக மனதைத் திடப்படுத்திக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. ஏதும் நடந்துவிட்டதோ என்று பயந்து, ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.

அக்கா றோட்டில் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளில் ஏறாமல், இறங்கித் தள்ளிக்கொண்டு, செருப்புச் சத்தமும் கேட்காமல் வெறுங்காலோடு நடந்துபோனார். ஹோர்னின் வாய்க்குள், தொப்பி ஐயாவின் தொப்பியை அடைத்திருந்தார்.